புவெனஸ் ஐரிஸில் கார் இல்லாமல் ஐந்து வருடம்

வடக்குப் புறநகரான ஒலிவோஸிலிருந்து நகர மையத்துக்கு ஐந்து வருடமாக வேலைக்குப் போய் வருகிறேன். கார் வாங்கத் தோன்றவே இல்லை. பஸ், சுரங்க ரயில், புறநகர் ரயில் எல்லாவற்றுக்கும் ஒரே சூபே அட்டை. இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி மாறினால் இரண்டாவது பயணத்துக்குப் பாதிக் கட்டணம், மூன்றாவதிலிருந்து கால்வாசிதான். வாங்கிய கையோடு அட்டையை உங்கள் பெயரில் பதிந்துவிடுங்கள். பதியாத அட்டைக்குக் கட்டணம் அதிகம்.

சுப்தே எனும் சுரங்க ரயில் 1913-இல் தொடங்கியது, லத்தீன் அமெரிக்காவிலேயே முதலாவது. வேகம்தான், ஆனால் நகர எல்லையைத் தாண்டாது. புறநகர்வாசிக்கு ரயிலும் பஸ்ஸும்தான் கதி. நகரத்து ரெத்திரோ நிலையத்திலிருந்து வடக்கே தீக்ரே ஊருக்குப் போகும் மித்ரே தட ரயிலில் ஒலிவோஸ் வழியில் வந்துவிடும். ஆங்கிலேயர் போட்ட பாதைகள் என்பதால் ரயில் இடப்பக்கமே ஓடும்; சாலைப் போக்குவரத்து மட்டும் 1945-இல் வலப்பக்கம் மாறியது. முதல் வாரம் தவறான நடைமேடையில் நின்று இரண்டு வண்டிகளை விட்டேன்.

என் மனதுக்கு நெருக்கமானது கொலெக்திவோ, அதாவது டவுன் பஸ். 1928-இல் ஷேர் டாக்சியாகப் பிறந்தது. பெயரும் அதிலிருந்து வந்ததே. கை நீட்டினால்தான் நிற்கும். ஏறியதும் ஓட்டுநரிடம் இறங்குமிடத்தைச் சொல்ல வேண்டும். 'ஆஸ்தா ஒலிவோஸ்' (ஒலிவோஸ் வரை) என்றால் ஒரு பொத்தானை அழுத்துவார், தொகை திரையில் வரும், அப்புறம் அட்டையை வைக்கலாம். அவர் அழுத்துவதற்கு முன்பே அட்டையை நீட்டிவிடாதீர்கள்.

ஒரே எண்ணில் பல கிளைத்தடங்கள் உண்டு, 'ராமால்' என்பார்கள். எண்ணை மட்டும் பார்த்து ஓர் இரவு ஏறிவிட்டேன். வண்டி நெடுஞ்சாலையில் ஏறி, எனக்குத் தெரியாத ஊரில் இறக்கிவிட்டது. முன்கண்ணாடியில் இருக்கும் சின்னப் பலகையைப் படிக்காமல் இப்போது காலெடுத்து வைப்பதில்லை.

இரவில் சுப்தே மூடிய பிறகும் நகரத்துக் கான்ஸ்டிடூசியோன் நிலையம் முதல் தீக்ரே வரை 60-ஆம் எண் பஸ் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்திலும் நிறுத்தத்தில் வரிசையில்தான் நிற்கிறார்கள். மழை பெய்த ஒரு நாள் எல்லோரும் கடைத் தாழ்வாரத்தில் ஒதுங்கினோம். பஸ் வந்ததும், சொல்லாமலே, வந்த வரிசைப்படியே ஏறினோம். கடைசியாக வந்த பாட்டியம்மாவை மட்டும் முன்னால் விட்டோம்.