உப்புக்காற்று வீட்டுக்கு எந்தச் சுவர், எந்த அலமாரி?

புதுச்சேரி குருசுக்குப்பத்திலோ கடலூர் தேவனாம்பட்டினத்திலோ வீட்டை அழகுபடுத்த இறங்கினால் முதல் வேலை பெயிண்ட் கடையில் நிற அட்டையைப் புரட்டுவதாகத்தான் இருக்கிறது. அதற்கு முன் சுவரின் அடி மூன்றடியைப் பாருங்கள். ஓரடிச் சதுர பாலித்தீன் தாளை அங்கே வைத்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வேர்த்திருந்தால் சுவருக்குள் ஓதம், அதாவது ஊறிய ஈரம், இருக்கிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் அறைக்காற்றில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்துவைத்தாலே பாதி தீரும். எந்தப் பூச்சு என்ற கேள்விக்குப் பதில் இந்தத் தாளில்தான் கிடைக்கும்.

சந்தையில் உள்ள வழிகள் மூன்று: சுண்ணாம்பு, பட்டி பார்த்து எமல்ஷன், பிவிசி பேனல் அல்லது வால்பேப்பர்.

அதிகம் பேர் போவது பட்டி, எமல்ஷன் வழிக்கு. வழவழப்பாக இருக்கும், துடைக்கலாம், எந்த நிறமும் கிடைக்கும். உலர்ந்த சுவருக்கு இதுவே சரி. புது சிமென்ட் பூச்சு என்றால் 28 நாள் ஆறவிட்டு, வெள்ளை சிமென்ட் பட்டி இரண்டு கை, மொத்தக் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள், பிறகு பிரைமர், அதன்மேல் எமல்ஷன் இரண்டு கை. மேடுபள்ளத்தைப் பட்டியாலேயே நிரப்பப் பார்ப்பதுதான் வழக்கமான தவறு. கனம் கூடினால் வெடிக்கும். பள்ளத்தைக் கலவையால்தான் சரிசெய்ய வேண்டும். ஓதச் சுவரிலோ எமல்ஷன் தோல் போல மூடிக்கொள்கிறது. தரையிலிருந்து ஏறும் நீர் உப்பைக் கரைத்துக் கொண்டுவந்து, பூச்சுக்குப் பின்னால் உலர்கிறது. உப்பு படிகமாகி விரிய, பட்டி பொரிந்து மாவாகக் கொட்டுகிறது. உடனே ‘டேம்ப் ப்ரூஃப்’ டப்பா வாங்கி உள்பக்கம் அடிப்பார்கள். ஈரம் அதற்கு மேலே ஓரடி ஏறி அங்கே பொரியும், அவ்வளவுதான்.

சுண்ணாம்பின் பலம் இதற்கு நேர் எதிரானது. அது ஈரத்தை அடைக்காது, வெளியே விடும். புதுச்சேரியின் பழைய வீடுகளில் செங்கலும் சுண்ணாம்புக் கலவையுமாகக் கட்டிய சுவர்களுக்கு இதைவிட்டால் வேறு பொருத்தமில்லை. அந்தச் சுவரில் ரப்பர் போன்ற வெளிப்பூச்சை அடிப்பது, நல்லது என்று நினைத்துச் செய்யும் கெடுதல். குறையும் உண்டு: தொட்டால் கையில் ஒட்டும், துடைக்க முடியாது, அழுத்தமான நிறம் வராது. பிள்ளைகள் சாய்ந்து விளையாடும் சுவருக்கு இதை வைத்தால் சட்டையெல்லாம் வெள்ளைதான்.

அடிக்கும் முறையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒரு கிலோ கல்சுண்ணாம்புக்கு ஐந்து லிட்டர் தண்ணீர். தண்ணீரில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொதித்துத் தெறிக்கும் என்பதால் கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். பிளாஸ்டிக் வாளி இளகும், இரும்பு டிரம்மே நல்லது. ஒரு நாள் ஊறவிட்டுத் துணியில் வடிகட்டி, வச்சிரப் பசையைச் சுடுதண்ணீரில் கரைத்துச் சிறிது சேர்க்கலாம். பதம் நீர்மோர் போல இருக்கட்டும். சுவரை நனைத்துவிட்டு மூன்று கை, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். முதல் கை ஈரத்தில் சுவரே தெரியும், காய்ந்தால்தான் வெளுக்கும். தெரியவில்லையே என்று கெட்டியாக அடித்தால் செதில் செதிலாக உரியும். பழைய எமல்ஷன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, முழுக்கச் சுரண்டியாக வேண்டும்.

ஆனால் எந்தப் பூச்சும் ஓதத்துக்கு மருந்தல்ல. தெருவில் ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் மட்டம் ஏறி, வீடு பள்ளத்துக்குப் போய்விடுகிறது. வெளியே மண்ணோ சிமென்ட் தளமோ அஸ்திவாரத்தின் ஈரத்தடுப்பு வரியைத் தாண்டியிருந்தால் முதலில் அதை இறக்குங்கள். பிறகு கறை முடியும் இடத்திலிருந்து இன்னும் ஓரடி மேல்வரை பூச்சைக் கொத்தி, செங்கல் தெரிய விட்டு, உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளேதான் போகும். நன்றாகக் காய்ந்தபின் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்று பூசலாம்.

மூன்றாவது வழி பேனல். இரண்டே நாளில் வேலை முடியும், கறை கண்ணுக்குத் தெரியாது. தெரியாமல் போவதுதான் ஆபத்து. பின்னால் மரச்சட்டம், ஈரம், இருட்டு: கரையானுக்கு இதைவிட விருந்து கிடையாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரில் புகுந்ததை நினைத்துப் பாருங்கள். வெறும் சுவரில் வெள்ளம் வடிந்தால் சேற்றைக் கழுவிக் காயவிடலாம். பேனல் சுவரில் சேறு பின்னால் தங்கும், கழற்றாமல் தீராது. உலர்ந்த உள்சுவருக்கும் குளியலறைக் கூரைக்கும் வேண்டுமானால் பேனல் போடலாம். வால்பேப்பரை இந்தக் கரையோரத்தில் நாங்கள் எந்தச் சுவருக்கும் பரிந்துரைக்க மாட்டோம்.

அலமாரியில் போட்டி பிளைவுட்டுக்கும் எம்டிஎஃப்புக்கும் பிவிசி பலகைக்கும். எம்டிஎஃப் என்பது மரநாரை அழுத்திச் செய்த பலகை. விலை குறைவு, வெட்டு நேர்த்தி. ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டி போல உப்பும், பழையபடி சுருங்காது. சமையலறைக்கு ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள பிளைவுட்டே மேல். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் ஒட்டு பிரியாத தரம் அது. ‘வாட்டர்ப்ரூஃப்’ என்ற வாய்ச்சொல்லை நம்பாமல் பலகையில் எண்ணைப் பாருங்கள். வெட்டிய ஓரமெல்லாம் பட்டை ஒட்டி மூட வேண்டும். வெளியே லேமினேட், உள்ளே வெறும் பலகை என்று விட்டால் கதவு வளையும். அடியில் நான்கு அங்குலக் கால், பின்னால் சுவருக்கும் பலகைக்கும் அரை அங்குல இடைவெளி. பிவிசி பலகைக்குத் தண்ணீர் ஒன்றும் செய்யாது, ஆனால் ஸ்குரூ பிடிப்பு குறைவு. தட்டுக்கு இரண்டடிக்கு ஒரு தாங்கல் இல்லையென்றால் பாத்திரப் பாரத்தில் தொய்யும்.

கைப்பிடி, கிராதி விஷயத்தில் காந்தம் வைத்துப் பார்த்து எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்கும் பழக்கம் பயனில்லை. 202, 304 என்ற இரண்டு ரகமுமே பெரும்பாலும் காந்தத்தில் ஒட்டாது. 202இல் நிக்கல் குறைவு, கடற்காற்றில் சீக்கிரம் துருவேறும். 304இலும் டீக்கறை போல் புள்ளி விழும். அவ்வப்போது நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்தால் கட்டுப்படும். கடலைப் பார்த்த மாடிக்கு மாலிப்டினம் கலந்த 316. அதிலும் கோடுபோட்ட பிரஷ் ஃபினிஷில் உப்பு தங்கும், கண்ணாடி பாலிஷே மேல்.

எப்போது அடிப்பது என்பதிலும் ஒரு வழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. போகிக்கு முன் வெள்ளையடிப்பது மரபு. ஆனால் வடகிழக்குப் பருவமழை குடித்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது. சுண்ணாம்பு என்றால் அப்போதும் சமாளிக்கலாம். எமல்ஷன் என்றால் பாலித்தீன் தாள் வேர்க்காமல் இருக்கும்வரை, பெரும்பாலும் மாசி பங்குனிவரை, பொறுங்கள்.