பழைய ஹெரால்டு வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்: 1,85,000 ரூபாய் போன கதை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு கார் வாங்கினேன். மதியம் அதை இன்னொரு வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. கொடுத்த பணம் 1,85,000 ரூபாய்.

ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1966 மாடல், இரண்டு கதவு. சின்ன வயதில் அப்பா என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டது இந்த மாதிரி வண்டியில்தான். இந்த அப்பா கதையை, கார் விற்றவரிடம் முதல் போனிலேயே உளறித் தொலைத்தேன். பழைய பொருட்கள் விற்கும் ஒரு செயலியில் விளம்பரம் போட்டிருந்தார்கள்: 'இன்ஜின் ஃபுல் ரீபில்ட்', அதாவது இன்ஜினை முழுசாகப் பிரித்துப் புதுப்பித்ததாம். விற்பவர் பெயருக்குப் பக்கத்தில் 'சரிபார்க்கப்பட்டவர்' என்று நீல டிக் வேறு. செங்கல்பட்டுப் பக்கம் பழைய கார்களைப் புதுப்பித்து விற்கும் ஷெட். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

நான் விழுந்த இடத்தைச் சொல்கிறேன். ஹெரால்டில் பானெட், மட்கார்டு, ஹெட்லைட் எல்லாம் ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். டயர் மேலேயே உட்கார்ந்து இன்ஜின் வேலை பார்க்கலாம். அவர் அதைச் சாய்த்துக் காட்டியபோது இன்ஜின் புதுப் பெயின்டில் கல்யாண வீட்டு அண்டா மாதிரி பளபளத்தது. ஒரே கிராங்கில் ஸ்டார்ட். ஐந்து ரூபாய்க் காசு ஒன்றை டேப்பெட் கவர் (இன்ஜினின் மேல்மூடி) மேல் நிற்க வைத்தார். விழவில்லை! "கை வச்சுப் பாருங்க சார், அப்பா வண்டி மாதிரியே இருக்கா?" என்றார். வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. காலை ஏழு மணிக்கு, ராத்திரி முழுக்க நின்ற வண்டி எப்படிச் சூடாக இருக்கும் என்று அந்த நேரத்தில் மண்டையில் உறைக்கவில்லை. டீ வேறு வாங்கிக் கொடுத்தார். அங்கேயே நின்று 1,85,000 ரூபாயையும் அனுப்பினேன்.

கூடுவாஞ்சேரி சிக்னலில் கிளட்ச்சை மிதித்துக்கொண்டு நின்றபோது 'கிர்ர்ர்' என்று ஒரு சத்தம். காலை எடுத்தால் இல்லை. ஊரப்பாக்கம் தாண்டியதும் காலை எடுத்தாலும் இருந்தது. வண்டலூரில் அவ்வளவுதான், ஓரம் கட்டிவிட்டேன். இந்த வண்டியைச் செய்த தொழிற்சாலை இருந்ததே வண்டலூரில்தான். பிறந்த வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொண்டது.

எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் வந்து பார்த்தார். "தம்பி, ஆஃப் பண்ணிட்டு கிளட்ச்ச மட்டும் மிதி" என்றார். மிதித்தேன். இன்ஜினின் முன்பக்கப் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) கண்ணுக்குத் தெரிகிற அளவு முன்னால் வந்தது. காலை எடுத்ததும் உள்ளே போனது. இம்மியளவுக்கு மேல் ஆடவே கூடாதாம். ஆயிலை இறக்கினார், வெல்லப்பாகு மாதிரி ஒழுகியது. சத்தம் வெளியே வராமலிருக்க ஊற்றிய கெட்டி ஆயில். சம்பை (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) கழற்றினால் உள்ளே பாதி நிலா வடிவில் தேய்ந்த ஒரு தகடு கிடந்தது. அதுதான் த்ரஸ்ட் வாஷர். இன்னொன்று பின் மெயின் பேரிங் பக்கத்தில் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. அதன் பள்ளம் கிரேங்க்கை (இன்ஜினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு) பார்க்க வேண்டும், இங்கே பிளாக்கை (இன்ஜினின் உடம்பு) பார்த்தது. இதுதான் அவர்கள் செய்த ரீபில்ட்.

இன்ஜினைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. 948 சிசி, நான்கு சிலிண்டர். 1953-ல் இங்கிலாந்தில் ஸ்டாண்டர்டு எய்ட் காருக்காக 803 சிசியில் ஆரம்பித்த குடும்பம். பின்னால் 1493 சிசி வரை வளர்ந்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரிலும் ஓடியது. மரத்தடியில் வைத்துப் பிரித்து மாட்டலாம், அவ்வளவு எளிமை. ஆனால் கிளட்ச்சை மிதிக்கும் ஒவ்வொரு முறையும் கிரேங்க்கைத் தாங்குவது இந்த மெல்லிய தகடுதான். தேய்ந்து விழுந்துவிட்டால் கிரேங்க் நேராகப் பிளாக்கிலேயே உரசும். நேரத்தில் பார்த்திருந்தால் இன்ஜினை இறக்காமலே, சம்பை மட்டும் கழற்றி, சில நூறு ரூபாயில் மாற்றியிருக்கலாம். ஆம்பாசடரின் 1489 சிசி இன்ஜினில் இந்தத் தொல்லை இவ்வளவு பிரபலம் இல்லை. அதற்கு வேறு வியாதிகள் உண்டு, அது வேறு கதை.

ஷெட்டுக்குப் போன் போட்டேன். "புது இன்ஜின் சார், 500 கிலோமீட்டர் ஓடினா செட் ஆயிடும்." மறுநாள், "அது கிளட்ச் பேரிங் சத்தம், எல்லா ஹெரால்டுலயும் வரும்." மூன்றாம் நாள் குரலே மாறிவிட்டது: "நீங்க கிளட்ச்ல காலை வச்சுக்கிட்டே ஓட்டியிருப்பீங்க. பேப்பர்ல 'உள்ளது உள்ளபடி'ன்னு கையெழுத்து போட்டிருக்கீங்கல்ல?" போட்டிருந்தேன், டீ குடித்துக்கொண்டே. இப்போது என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

செயலிக்காரர்களிடம் கேட்டால், நாங்கள் வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பதோடு சரி என்கிறார்கள். அப்போ அந்த நீல டிக்? விற்பவரின் போன் நம்பரைச் சரிபார்த்ததற்காம். 1,85,000 ரூபாய் போனவனிடம், எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள் என்று மெசேஜ் வருகிறது.

பழைய வண்டி வாங்குவது பற்றி விளக்கமாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் போய் நில்லுங்கள், இன்ஜின் சூடாக இருந்தால், முன்னாடியே ஓட்டித் தயார் பண்ணி வைத்திருக்கிறார்கள் என்று திரும்பி வந்துவிடுங்கள். ஆயில் குச்சியை எடுத்து விரலில் தேய்த்துப் பாருங்கள். ஒருவரை கிளட்ச்சை மிதிக்கச் சொல்லிப் புல்லியைக் கவனியுங்கள். ஆர்சியில் உள்ள இன்ஜின் நம்பரை ஒத்துப்பாருங்கள், பெயின்ட் அடித்து மறைத்திருந்தால் சுரண்டச் சொல்லுங்கள். மெக்கானிக் இல்லாமல் போகாதீர்கள். அப்பா ஓட்டிய வண்டி என்று மட்டும் வாயைத் திறக்காதீர்கள்.

லேத்திலிருந்து போன் வருகிறது. கிரேங்க் மட்டும் போதாதாம், பிளாக்கையும் கொண்டுவரச் சொல்கிறார்கள்.