முத்தியால்பேட்டை மாடிக் கடை: பஜ்ஜியும் மிச்சிகன் சண்டையும்

டிசம்பர் 31 ராத்திரி புதுச்சேரி பீச் ரோட்டில் கால் வைக்க இடமிருக்காது, அதனால் 2024இல் மிச்சிகன்–அலபாமா அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் ஆட்டம் பார்க்க இந்தக் கடைக்குப் போனோம், நம்ம நேரப்படி பத்தரைக்கு ஆரம்பம். திரை பெரிசு, கடைசி மேசைக்கும் ஸ்கோர் தெரியும். மிளகாய் பஜ்ஜி நல்ல சூடு, உள்ளே விதை எடுத்து லேசாகப் புளி தடவியிருந்தார்கள். சட்னிதான் வெறும் தண்ணி.

மிச்சிகன் 19-13 என்று ஜெயித்ததும் ஆரம்பித்தது சண்டை. ‘போன சீசன் சாம்பியன், இந்த சீசன் ஏழு வெற்றி, அஞ்சு தோல்வி, சீசன் முடிஞ்சு ஆடுற ஒரு பௌல் ஆட்டம் ஜெயித்தால் சரியாப்போச்சா?’ என்று ஒரு கோஷ்டி. ‘பரம எதிரி ஒஹாயோ ஸ்டேட்டையே அடிச்சாச்சு, இன்னும் என்னடா வேணும்’ என்று இன்னொரு கோஷ்டி. எனக்கென்னவோ, அலபாமா முதல் கால்பகுதியிலேயே பந்தைத் தொலைத்துத் தொலைத்து 16-0 ஆக்கிக் கொடுத்த ஆட்டம் அது. கடைக்கார அண்ணன் முகம் சுளிக்காமல் டீ ஊற்றிக்கொண்டே இருந்தார். தாராளமாகப் போகலாம், பைக் நிறுத்தத்தான் இடமில்லை.