ஹாஸ்கெல்ல தமிழ் டேட்டா: ஸ்ட்ரிங்கா, டெக்ஸ்ட்டா, பைட்ஸ்ட்ரிங்கா?

சேலம் செவ்வாய்ப்பேட்டைல தெரிஞ்சவர் ஒருத்தரோட கொலுசு பட்டறைக்கு கூலி கணக்கு பாக்க ஹாஸ்கெல்ங்கற ப்ரோக்ராமிங் மொழில ஒரு சின்ன ப்ரோக்ராம் எழுதி குடுத்திருக்கேன். ஆள் பேரு, பனங்காடு சிவதாபுரம்னு ஊரு, குடுத்த வெள்ளி, திரும்பி வந்த எடை எல்லாமே தமிழ்ல டைப் பண்ண சிஎஸ்வி (கமா போட்டு பிரிச்ச ஃபைல்). எழுத்த வச்சுக்க ஹாஸ்கெல்ல ஸ்ட்ரிங், டெக்ஸ்ட், பைட்ஸ்ட்ரிங்னு டைப் உண்டு. ஆரம்பத்துல ஸ்ட்ரிங், இப்ப முழுக்க டெக்ஸ்ட். அதனால நான் டெக்ஸ்ட் பக்கம்தான், முன்னாடியே சொல்லிடறேன்.

ஸ்ட்ரிங் மெதுவு, மெமரி தின்னும், எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். அது வெறும் கேர் லிஸ்ட், அதாவது ஒவ்வொரு எழுத்தா கோத்த சங்கிலி. 64 பிட்ல லிஸ்ட் செல்லுக்கே 24 பைட், இங்கிலீஷ் எழுத்துன்னா ஜிஹெச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்) ரெடியா வச்சிருக்கற கேரையே காட்டி விட்டுடும், தமிழுக்கு அந்த சலுகை இல்ல, இன்னொரு 16 சேந்து 40. "சேலம்"ல 5 கோட்பாயிண்ட் (யூனிகோட்ல ச, ஏகார குறி, ல, ம, புள்ளின்னு தனித்தனி நம்பர்), ஆக 200 பைட். டெக்ஸ்ட் 2.0ல (2021 கடைசில வந்தது) உள்ளுக்குள்ள யுடிஎஃப்-8, அதுல தமிழ் கோட்பாயிண்ட் ஒண்ணுக்கு 3 பைட், அதே சேலம் 15 பைட்தான், மேல கொஞ்சம் ஹெட்டர். பட்டறை கணக்குக்கு இது ஒரு மேட்டரே இல்ல.

டெக்ஸ்ட்டுக்கு மாறினா மொதல்ல எர்ரர் மழைதான். டெக்ஸ்ட் கேட்டேன், கேர் லிஸ்ட் வந்திருக்குன்னு ஜிஹெச்சி-83865ங்கற நம்பரோட பக்கம் பக்கமா கத்தும். பாதி எர்ரர் ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ்ங்கற எக்ஸ்டென்ஷன போட்டாலே போயிடும், ஆனா அது கோட்டுல நேரா எழுதின மேற்கோளுக்கு மட்டும்தான், வேரியபிள்ல வர்ற ஸ்ட்ரிங்க மாத்தாது. மீதி பெரும்பாலும் ரெண்டே இடம். ஒட்டறதுக்கு ப்ளஸ் ப்ளஸ் போட்டிருப்பீங்க, அது லிஸ்ட்டுக்கு மட்டும்தான். இல்லன்னா எடைய ஷோ போட்டு எழுத்தா மாத்திருப்பீங்க, ஷோ எப்பவும் ஸ்ட்ரிங்தான் தரும், பேக் பண்ணி டெக்ஸ்ட் ஆக்கிக்கணும். ஃபைல் எங்க இருக்குன்னு சொல்ற ஃபைல்பாத்தும் ஸ்ட்ரிங்தான், அங்க திருப்பி அன்பேக். டெக்ஸ்ட் கேட்டேன் டெக்ஸ்ட் வந்திருக்குன்னு லூசு மாதிரி சொல்லுச்சுன்னா ஒண்ணு ஸ்ட்ரிக்ட் (முழுசா மெமரில இருக்கறது), இன்னொண்ணு லேசி (தேவைக்கு துண்டு துண்டா வர்றது), ரெண்டும் வேற வேற டைப், இம்போர்ட்ட பாருங்க.

இவ்ளோ கத்தினாலும் ஏன் டெக்ஸ்ட்னா, வெறும் பைட்டா வச்சுக்கற பைட்ஸ்ட்ரிங் கத்தவே கத்தாது. "வேகமா இருக்கும், அதையே போடு"ன்னு நெறய பேர் சொல்வாங்க. பைட்ஸ்ட்ரிங்கோட கேர்8 மாட்யூல்ல பேக் பண்ணீங்கன்னா ஒவ்வொரு எழுத்தோட யூனிகோட் நம்பர்லயும் கடைசி 8 பிட்ட மட்டும் வச்சுக்கிட்டு மீதிய வெட்டிடும். ச-ங்கறது 0பி9ஏ, மிஞ்சறது 9ஏ மட்டும். ஓவர்லோடட்ஸ்ட்ரிங்ஸ் வழியா எழுதினாலும் அதே வெட்டுதான். கம்பைல் ஆகும், டைப் எல்லாம் சரியா இருக்கும், ஓடும், ஃபைல்ல குப்பை விழும். இங்கிலீஷ் டேட்டா வச்சு டெஸ்ட் பண்றவனுக்கு இது கண்லயே படாது, நமக்கு மொத பேருலயே சோலி முடிஞ்சுது. வெள்ளி எடை சரியா இருந்து யாருதுன்னு தெரியலன்னா அந்த கணக்க வச்சு என்ன பண்றது? கத்தற எர்ரர டீக்கடைக்கு போயிட்டு வந்துகூட சரி பண்ணிக்கலாம்.

அதுக்காக பைட்ஸ்ட்ரிங் வேண்டாம்னு இல்ல. ஃபைல பைட்ஸ்ட்ரிங்கா படிச்சு, டீகோட்யுடிஎஃப்8 ப்ரைம் (பேரு கடைசில ' குறி இருக்கறது) போட்டு டெக்ஸ்ட் ஆக்கிக்கறேன். ப்ரைம் இல்லாதது தப்பு பைட்ட பாத்தா எக்ஸெப்ஷன் எறியும், ப்ரைம் உள்ளது ஈதர் (ஒண்ணு எர்ரர், இல்லன்னா டெக்ஸ்ட்) தரும், வரி வரியா டீகோட் பண்ணா எந்த வரி கெட்டுதுன்னு நாமளே சொல்லலாம். படிக்கும்போது சர்வரோட லொகேல் (மொழி, எழுத்து செட்டிங்) என்னவா இருக்குன்னு கவலையும் இல்ல.

இன்னொண்ணு, டெக்ஸ்ட்டுக்கு மாறினாலும் ப்ரிண்ட் போட்டா \2970\3015னு நம்பராதான் வரும். டேட்டா கெட்டுப்போகல, ஷோ பண்ற வேல அது, டெக்ஸ்ட்டோட ஐஓ மாட்யூல்ல இருக்கற புட்ஸ்டர்எல்என் (putStrLn) போடுங்க. லெங்த்தும் சேலத்துக்கு 3 சொல்லாது, 5 சொல்லும், பில்லுல காலம் நேரா நிக்காது. எழுத்த நாம எண்ற மாதிரி எண்ண டெக்ஸ்ட்-ஐசியுன்னு ஒரு லைப்ரரி இருக்கு, நான் அத மேலோட்டமாதான் தொட்டிருக்கேன். ஜிபி கணக்குல டேட்டா வந்தா லேசி டெக்ஸ்ட் எப்படி தாங்கும்னும் என்னால சொல்ல முடியாது, பட்டறை லெட்ஜர் அவ்ளோ பெருசு கிடையாது.