ரிச்சர்ட் ஹாத்வேயின் உயில்: பிரிட்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவிறக்கச் சேவை

லண்டன் கியூவில் உள்ள பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம், கேன்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றத்தில் 1384 முதல் 1858 வரை பதிவான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட உயில்களைப் படங்களாக இணையத்தில் தருகிறது. பெயர், ஊர், தொழில், ஆண்டு ஆகியவற்றைக் கொண்டு தேடலாம். தொழில் என்ற இடத்தில் 'யோமன்' என்று இட்டால், சொந்தப் பண்ணையில் உழுது வாழ்ந்த ஆங்கிலேயக் கிராமத்து உழவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். கட்டண விதிகள் அவ்வப்போது மாறியிருக்கின்றன. கணக்குத் தொடங்கியவர்களுக்கு இலவசமாக வழங்கப்பட்ட காலத்தில் நான் ஓர் உயிலை இறக்கிக்கொண்டேன்.

அது வாரிக்ஷயரில் ஸ்ட்ராட்ஃபோர்டை அடுத்த ஷாட்டரியைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாத்வேயின் உயில். ஷேக்ஸ்பியரின் மனைவி ஆனின் தந்தை இவர். வசதியால் யோமன் வரிசையில் வைக்கப்படுபவர் என்றாலும், உயிலில் தம்மை வெறும் உழவர் என்றே சொல்லிக்கொள்கிறார். 1581 செப்டம்பர் 1 அன்று நோயுற்ற நிலையில் இதை எழுதச் செய்தார். செப்டம்பர் 7 அன்று அவரை அடக்கம் செய்தார்கள். இருந்த அவகாசம் ஒரு வாரம்கூட இல்லை. அந்த அவசரத்தின் சாயல் ஒரு வரியிலும் இல்லை என்பதுதான் என்னை வியக்க வைத்தது.

கைக்குக் கிடைப்பது மூல உயில் அன்று. நீதிமன்ற எழுத்தர் பேரேட்டில் எடுத்த படி. ஆகவே கையொப்பத்தையோ அடையாளக் குறியையோ எதிர்பார்க்கக் கூடாது. அக்கால எழுத்துமுறையில் 'சி' என்ற எழுத்து இன்றைய 'ஆர்' போலத் தெரியும். முதல் பக்கத்துக்கு எனக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் பிடித்தது. காப்பகமே இலவசமாக வைத்திருக்கும் பழைய கையெழுத்துப் பயிற்சியை முதலில் முடித்துவிட்டு வருவது நல்லது. இறுதியில் உள்ள நீதிமன்றச் சான்று லத்தீன் மொழியில் இருக்கிறது.

மகன்கள் தாமஸுக்கும் ஜானுக்கும் இருபது வயதானதும் தலைக்கு 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது பத்து மார்க். வில்லியமுக்குப் பத்து பவுண்டு. ஆக்னஸுக்கும் கேத்தரினுக்கும் அவரவர் திருமண நாளில் பத்து மார்க். மார்கரெட்டுக்குப் பதினேழு வயதில் அதே தொகை. அன்று ஆக்னஸும் ஆனும் மாறி மாறி வழங்கிய ஒரே பெயர் என்பதால், ஷேக்ஸ்பியரின் மனைவியை இங்கே அடையாளம் காண்கிறோம். பிள்ளைகளில் யாரேனும் தம் பங்கைப் பெறுமுன் இறந்தால், அது மற்றவர்களுக்குச் சமமாகப் பிரியும்.

மூத்த மகன் பார்த்தலோமியுவைப் பற்றிய பகுதியை நான் மூன்று முறை படித்தேன். அரை யார்டுலேண்டு நிலத்தின் பலன் அவனுக்கு. யார்டுலேண்டு ஊருக்கு ஊர் மாறும் அளவு என்றாலும், பொதுவாக 30 ஏக்கர் எனக் கொள்வார்கள். அதை உழுவதும் எருவிடுவதும் விதைப்பதும் ரிச்சர்டின் மனைவி ஜோனின் செலவு. விதை மட்டும் அவன் பொறுப்பு. ஜோனின் வேளாண்மைக்கு அவன் வழிகாட்டியாகவும், உடன்பிறந்தவர்களுக்குத் தன்னால் இயன்ற ஆறுதலாகவும் இருக்க வேண்டும். ஜோன் அந்த நிலத்தைப் பறிக்க முனைந்தால், ஓராண்டுக்குள் அவனுக்கு 40 பவுண்டு கொடுத்தாக வேண்டும். அன்புக்கு ஒரு வாசகமும் அச்சத்துக்கு ஒரு தொகையுமாக, ஒரே கூரையின் கீழ் வாழ வேண்டிய இருவரை இவ்வளவு கவனமாகக் கட்டிவைத்த மனிதரை நான் மனதார மதிக்கிறேன். கூடத்துச் சுவரின் மரப்பலகைகளையும் உள்ளறையின் இரண்டு கட்டில்களையும்கூட இடம் பெயர்க்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். வீட்டின் உருவம் குலையாமல் இருக்க வேண்டும் என்ற கவலை அது.

வீடு யாருக்கு என்று உயிலில் தேடினால் கிடைக்காது. அந்தப் பண்ணை, மேனர் எனப்படும் நிலப்பிரபுவின் எஸ்டேட்டுப் பதிவேட்டின்படி அனுபவித்துவந்த நிலம். அத்தகைய நிலம் அந்த மேனரின் வழக்கப்படி கைமாறுமே தவிர, உயிலால் மட்டும் கைமாறாது. 1610-இல்தான் பார்த்தலோமியு அதை விலைக்கு வாங்கினார். இந்தப் பின்னணியைப் படத்துடன் யாரும் விளக்கித் தருவதில்லை; தனியே படித்துத்தான் அறிய வேண்டும்.

மேற்பார்வையாளர்களாக ஸ்டீபன் பர்மனையும் ஃபுல்க் சாண்டெல்ஸையும் நியமித்தார். அந்த சாண்டெல்ஸும் உயிலின் சாட்சியான ஜான் ரிச்சர்ட்சனும்தான், 1582 நவம்பரில் ஷேக்ஸ்பியரின் திருமண உரிமத்துக்கு 40 பவுண்டு பிணை நின்றவர்கள். கடன்களையும் மறைக்கவில்லை: மேய்ப்பர் தாமஸ் விட்டிங்டனுக்கு 4 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ் தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். அந்த மேய்ப்பரும் 1601-இல் உயில் எழுதினார். ஆன் ஷேக்ஸ்பியரின் கையில் இருந்த தம் 40 ஷில்லிங்கை ஸ்ட்ராட்ஃபோர்ட் ஏழைகளுக்கு விட்டுச்சென்றார்.

ஒரு குடும்பத்தின் உழவர் முன்னோரைத் தேடுவோர் இந்தச் சேவையோடு நின்றுவிட வேண்டாம். எளிய உழவர்களின் உயில்கள் பெரும்பாலும் அந்தந்தப் பகுதி ஆயரின் நீதிமன்றங்களில்தான் பதிவாயின. அவை இன்று மாவட்ட ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன.