ஞானப்பல்: ஈறை வெட்டினால் போதுமா, பல்லையே எடுக்கணுமா?

கீழ் ஞானப்பல் பாதி முளைத்து நின்றால், மேலே மூடிய ஈறுக்கடியில் சோறு சிக்கிச் சீழ் பிடிக்கும். வாயே திறக்க வராது.

செலவு: ஈறு வெட்டக் குறைவு. புதைந்த பல்லை எடுப்பதென்றால் எலும்பையும் சீவ வேண்டிவரும், அதனால் கூடுதல்.

நிலைப்பு: வெட்டிய ஈறு திரும்ப வளரலாம். பல்லை எடுத்தால் அத்தோடு தீர்ந்தது.

சிரமம்: ஈறு ஓரிரு வாரத்தில் ஆறிவிடும். பல் எடுத்தால் கன்னம் 2, 3 நாள் வீங்கும். குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிட்டால் வலி உயிர் போகும். சிகரெட், ஸ்ட்ரா இரண்டும் கூடாது. பக்கத்திலேயே தாடை நரம்பு ஓடுவதால் உதடு மரத்துப்போகவும் வாய்ப்புண்டு. எக்ஸ்-ரே பார்க்காமல் கை வைக்க விடாதீர்கள்.

பல் நேராக வர இடமிருந்தால் ஈறு வெட்டலாம். சாய்ந்து பக்கத்துப் பல்லை முட்டுகிறதா? எடுத்துவிடுங்கள், பக்கத்துப் பல்லும் சொத்தையாவதற்குள்.