எழுபதுகளின் ஹெவிவெயிட்டா, எண்பதுகளின் நால்வரா: குத்துச்சண்டையின் பொற்காலம் எது?

நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ, குத்துச்சண்டைப் பேச்சு எடுத்தால் முதலில் வரும் பெயர் முகமது அலி. அடுத்தது டைசன். அதோடு, அவர்கள் இருந்த காலமே பொற்காலம் என்று முடித்துவிடுகிறார்கள். ஆளை வைத்துக் காலத்தை அளப்பதில்தான் கணக்கு தப்புகிறது. அந்தக் காலத்தின் முதல் நாலைந்து பேர் ஒருவரோடு ஒருவர் மோதினார்களா, உடம்பில் முறுக்கு இருந்தபோதே மோதினார்களா என்றுதான் பார்க்க வேண்டும். தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கால்பந்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்து ஊரின் நல்ல டீமோடு ஆடாமல் தூக்கிய கோப்பைக்கு என்ன மதிப்பு?

1920களை இந்த அலசலில் சேர்க்கவில்லை. பேசாப்படக் காலத்து ஃபிலிம்கள் பல வேகம் மாறி ஓடுகின்றன. அதில் அன்றைய ஹெவிவெயிட் சாம்பியன் டெம்ப்சியின் கைவேகத்தைப் பார்த்து வியப்பதும் குறை சொல்வதும் சரியாக வராது.

1940களுக்கு வருவோம். சுகர் ரே ராபின்சனும் ஜேக் லமோட்டாவும் ஆறு முறை மோதினார்கள். 1943 பிப்ரவரி 5இல் லமோட்டா ஜெயித்தார். ராபின்சனின் தொழில்முறை வாழ்க்கையில் அதுதான் முதல் தோல்வி. அதே மாதம் 26ஆம் தேதி இருவரும் மறுபடி ரிங்கில் நின்றார்கள், இடையில் ராபின்சன் இன்னொருவரோடும் சண்டை போட்டிருந்தார். இன்று ஒரு மறுமோதலுக்கு ஒப்பந்தம் பேசவே இதைவிட அதிக நாள் ஆகிறது. அன்று எடைப் பிரிவுகள் எட்டுதான், பெரும்பாலும் பிரிவுக்கு ஒரு சாம்பியன், எடை பார்ப்பதும் சண்டை நாளன்றே. இன்று முந்தின நாளே எடை பார்த்துவிடுவதால், தண்ணீரை வற்ற வைத்து எடை காட்டிவிட்டு, மறுநாளுக்குள் பல கிலோ ஏற்றிக்கொண்டு இறங்குகிறார்கள். ஆகவே வெல்டர்வெயிட் பிரிவின் எல்லையான 147 பவுண்டை எடுத்தால், ராபின்சனின் 147 பவுண்டும் இன்றைய வீரரின் 147 பவுண்டும் ஒன்றல்ல. திறமையை மட்டும் பார்த்தால் இந்தக் காலத்துக்கே முதலிடம் தரலாம். ஆனால் ராபின்சன் உச்சத்தில் இருந்தபோது போட்ட சண்டைகளில் முழுப் படமாகக் கிடைப்பவை மிகக் குறைவு. கண்ணால் பார்க்க முடியாததை எப்படி எடைபோடுவது?

எழுபதுகளின் ஹெவிவெயிட்டில், அதாவது மிக அதிக எடைப் பிரிவில், அந்தக் குறை கிடையாது. 1971 மார்ச் 8, மாடிசன் ஸ்கொயர் கார்டன். தோல்வியே அறியாத அலியும் ஃபிரேசியரும் 15 ரவுண்ட் மோதி, கடைசி ரவுண்டில் ஃபிரேசியரின் இடது ஹூக்கில் (கையை வளைத்து அடிக்கும் குத்தில்) அலி விழுந்து எழுந்தார். 1973 ஜனவரியில் ஃபோர்மன் அதே ஃபிரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு முறை வீழ்த்தினார். 1974 அக்டோபரில் அலி அந்த ஃபோர்மனை எட்டாவது ரவுண்டில் சாய்த்தார். அலியின் தாடையை உடைத்த கென் நார்ட்டனும் இதே காலத்தவர். இப்படி ஒருவரை ஒருவர் தோற்கடித்துக்கொண்டே வந்ததுதான் இந்தக் காலத்தின் பலம். கைத்திறனிலேயே வயிற்றைக் கழுவிய ஜிம்மி யங், ஒரே அடியில் ஆளைச் சாய்க்கும் எர்னி ஷேவர்ஸ் என்று இரண்டாம் வரிசையும் அவ்வளவு கனம்.

ஒரு குறை உண்டு. மூன்றரை ஆண்டுத் தடைக்குப் பின் திரும்பிய அலியிடம் பழைய கால் வேகம் இல்லை. 1975 மணிலாவில் பதினாலாவது ரவுண்ட் முடிந்ததும் பயிற்சியாளர் எடி ஃபட்ச் ஃபிரேசியரை எழ விடவில்லை. மாபெரும் சண்டைதான், ஆனால் இருவருமே அப்போது தேய்ந்திருந்தார்கள்.

என் ஓட்டு எண்பதுகளுக்கு. லெனர்ட், டூரான், ஹேர்ன்ஸ், ஹேக்லர். 1980 முதல் 1989 வரை இந்த நால்வருக்குள் ஒன்பது சண்டைகள் நடந்தன, யாரும் யாரையும் தவிர்த்துத் தப்பவில்லை. 135 பவுண்டில் சாம்பியனாக இருந்த டூரான், 160 பவுண்டில் ஹேக்லரோடு 15 ரவுண்ட் நின்றார். கிலோவில் பதினொன்றுக்கு மேல் வித்தியாசம். 1985 ஏப்ரல் 15இல் ஹேக்லர்-ஹேர்ன்ஸ் சண்டை மூன்று ரவுண்டுகூட முழுதாக ஓடவில்லை. முதல் ரவுண்டிலேயே ஹேர்ன்ஸின் வலது கை உடைந்தும் அவர் வீசிக்கொண்டே இருந்தார். அந்த ரவுண்டைவிட மூர்க்கமான மூன்று நிமிடம் குத்துச்சண்டையில் உண்டா என்று தெரிந்தவர்கள் இன்றும் வாதிடுகிறார்கள்.

விதி மாறிய காலமும் இதுதான். 1982 நவம்பரில் சாம்பியன் மன்சினியோடு மோதிய கொரிய வீரர் டுக் கூ கிம் பதினாலாவது ரவுண்டில் விழுந்து, சில நாளில் இறந்தார். அதன்பின் சாம்பியன் பட்டச் சண்டைகள் படிப்படியாகப் பன்னிரண்டு ரவுண்டுக்கு இறங்கின. உயிரை நினைத்தால் சரியான முடிவு. ஆனால் ஒப்பிடும்போது இதை மறக்கக்கூடாது. 1981இல் பதின்மூன்று ரவுண்ட் முடிவில் மூன்று நடுவர்களின் கணக்கிலும் ஹேர்ன்ஸ் முன்னால் இருந்தார். பதினாலாவதில் லெனர்ட் அவரை அடித்துச் சண்டையையே நிறுத்த வைத்தார். பன்னிரண்டோடு முடிந்திருந்தால் ஜெயித்தவர் ஹேர்ன்ஸ். 1987இல் ஹேக்லரோடு மோத ஒப்புக்கொண்ட லெனர்ட், 12 ரவுண்டும் பெரிய ரிங்கும் வேண்டும் என்று கேட்டு வாங்கியதன் காரணமும் இதில் விளங்கும்.

தொண்ணூறுகளில் ஹோலிஃபீல்டும் ரிடிக் போவும் மோதிய மூன்று சண்டைகள் அருமை. ஆனால் லெனாக்ஸ் லூயிஸும் ரிடிக் போவும் தொழில்முறையில் மோதவே இல்லை. லூயிஸ்-டைசன் சண்டை 2002 வரை இழுத்தது. அதற்குள் டைசனின் காலம் முடிந்திருந்தது. மேவெதர்-பாக்கியாவ் கதையும் அதுவே: 2015, குறைந்தது ஐந்து ஆண்டு தாமதம். பட்டம் தரும் நான்கு அமைப்பு, நான்கு பெல்ட், பதினேழுக்குக் குறையாத எடைப் பிரிவு இருக்கும்போது ஒதுங்கிப் போக வழி தாராளம். 2024இல் உசிக் ஃப்யூரியை வென்றதும், அதற்குமுன் குரோஃபோர்ட் ஸ்பென்ஸை வென்றதும் நல்ல திருப்பம்.

நம் மாவட்டத்தில் ஆசானிடம் அடிமுறை படித்துவிட்டு ரிங்குக்கு வரும் பையன்கள் அலியைப் பார்த்துக் கற்பதைத் தவிர்ப்பது நல்லது. கையை இறக்கி, உடம்பைப் பின்னால் சாய்த்து அடியைத் தப்புவது அவருடைய உயரத்துக்கும் வேகத்துக்கும் பொருந்தியது. கயிற்றில் சாய்ந்து அடி வாங்கிக் களைப்பேற்றும் உத்தி, மூன்று நிமிடம் மூன்று ரவுண்ட் ஓடும் அமெச்சூர் சண்டையில் தோற்க நேர்வழி. எதிராளி களைப்பதற்குள் புள்ளி எல்லாம் போய்விடும், ரெஃப்ரி எண்ணவும் தொடங்கிவிடுவார். அடிமுறையில் காலடியையும் தடுக்க வேண்டியிருப்பதால் கை கீழே இறங்கிப் பழகியிருக்கும். ரிங்கில் கால் வராது. அந்தக் கை தாடைக்கு ஏற வேண்டும். சுவடு, அதாவது கால் வைப்பு, மட்டும் அப்படியே உதவும்.

அதற்கு டூரான்-லெனர்ட் முதல் இரண்டு சண்டைகளையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், ஒலியை அணைத்துவிட்டு, லெனர்டின் காலை மட்டும். 1980 ஜூனில் மாண்ட்ரியாலில் அவர் குதிகால் பதித்து நேருக்கு நேர் நின்றார். டூரான் நெஞ்சில் தலையை முட்டிக் கயிற்றுக்குத் தள்ளி, 15 ரவுண்டில் வென்றார். அதே ஆண்டு நவம்பரில் லெனர்ட் ஜாப் (முன்னால் நீட்டிய கையால் நேர்க் குத்து) போட்டதும் பக்கவாட்டில் விலகி வட்டம் போட்டார். எட்டாவது ரவுண்டில் டூரான் முதுகைக் காட்டித் திரும்பிப் போய்விட்டார்.